இராமேஸ்வரத்துக்கு எந்தத் தலைநகரம் பக்கம்?

இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தலைநகரம் சென்னையா, கொழும்பா? எட்டாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் முக்கால்வாசிக் கைகள் சென்னைக்குத்தான் உயரும். மீதிக் கைகள் தயங்கித் தயங்கிக் கொழும்புக்கு உயரும். (இலங்கையின் தலைநகரம் சட்டப்படி ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டே. நிலவரைபடத்தைக் கூர்ந்து படிக்கும் ஒரு மாணவர் இதைச் சொல்லியே தீருவார். அது கொழும்பை ஒட்டியே இருப்பதால் நம் கணக்கு மாறாது.)

விடையை நான் சொல்வதில்லை. நிலவரைபட நூலைத் திறந்து அட்சரேகை, தீர்க்கரேகையை எடுக்கச் சொல்வேன். ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் இராமேஸ்வரம் வடக்கு 9.3 பாகை, கிழக்கு 79.3 பாகை. சென்னை 13.1, 80.3. கொழும்பு 6.9, 79.9.

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. அட்சரேகையில் ஒரு பாகை என்பது பூமியில் எங்கும் ஏறத்தாழ 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு பாகை அப்படி அல்ல. நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இருப்பது வடக்கே போகப்போகக் குறுகும். காஷ்மீரில் 92 கி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், துருவத்தில் ஒன்றுமே இல்லை. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தமிழ்நாட்டில் அது 108 முதல் 110 கி.மீ. வரை இருக்கிறது. அதாவது, நம் மாநில வரைபடத்தின் பாகைக் கட்டங்கள் கிட்டத்தட்டச் சதுரங்கள். எனவே எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றமே போதும். ஒன்பதாம் வகுப்பென்றால் ஆயத்தொலை வடிவியலின் தொலைவு வாய்பாடு.

சென்னைக்கு வித்தியாசம் 3.8 பாகையும் 1 பாகையும். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3.93. பாகைக்கு 110 கி.மீ. என்று வைத்தால் 432 கி.மீ. கொழும்புக்கு வித்தியாசம் 2.4, 0.6. வர்க்கமூலம் 2.47. ஏறத்தாழ 270 கி.மீ.

ஆக, சென்னையைவிடக் கொழும்பு 160 கி.மீ. பக்கம். வகுப்பில் சலசலப்பு எழும் இடம் இது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகள் உள்ள ஊர் இது; அவர்களுக்கு இதில் வியப்பேதும் இருக்காது.

அடுத்த கேள்வி: சரி, எப்படிப் போவீர்கள்?

சென்னைக்குச் சாலை வழியே சுமார் 560 கி.மீ. ரயிலில் சுமார் 600. நேர்கோட்டுக்கும் சாலைக்கும் ஏன் 130 கி.மீ. வித்தியாசம் என்று தெரிய, வரைபடத்தில் இரு ஊர்களையும் அளவுகோலால் இணைக்கச் சொல்லுங்கள். அந்தக் கோடு இராமேஸ்வரத்திலிருந்து கிளம்பியதும் பாக் விரிகுடாவில் இறங்கிவிடும். நூறு கிலோமீட்டருக்கு மேல் கடலிலேயே போய் முத்துப்பேட்டைப் பக்கம் கரையேறும். காவிரி டெல்டாவைக் கடந்து, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் எதிரே மறுபடி கடலுக்குள் போய், மாமல்லபுரத்தை ஒட்டித் திரும்பக் கரை சேரும். பேருந்து அந்தக் கோட்டில் போக முடியாது. தீவிலிருந்து மேற்கே மண்டபத்துக்கு வந்து, விரிகுடாவின் வளைவைச் சுற்றித்தான் வடக்கே ஏற வேண்டும்.

விமானத்தில் போனால் நேராகப் போகலாமே என்பார்கள். இராமேஸ்வரத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் தளம். எனவே சாலை வழியே மதுரை விமான நிலையத்துக்கு 175 கி.மீ., அங்கிருந்து சென்னைக்கு வான்வழியே 416 கி.மீ. கூட்டினால் 591. விமானத்தில் போகிறவர் பேருந்தில் போகிறவரைவிட அதிக தூரம் போகிறார்! நேரம் மிச்சமாகலாம், தூரம் மிச்சமாவதில்லை. இந்த ஒரு கூட்டல் போதும்: ‘வான்வழித் தொலைவு’ என்று வினாத்தாளில் இருப்பதும் ‘விமானப் பயணத் தொலைவு’ என்பதும் ஒன்றல்ல என்று பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

கொழும்புக்கும் அதே மதுரை வழிதான். 175 கி.மீ. சாலை, கட்டுநாயக்க விமான நிலையம் வரை சுமார் 350 கி.மீ. வான்வழி, அங்கிருந்து நகருக்கு 30 கி.மீ. சாலை. மொத்தம் 555. நேர்கோட்டில் 270 ஆக இருந்தது இரண்டு மடங்காகிவிட்டது. சென்னைக்கான சாலைத் தூரத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

பயணத் தொலைவை நேர்கோட்டுத் தொலைவால் வகுத்து வரும் எண்ணுக்கு எங்கள் வகுப்பில் ‘சுற்று விகிதம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் 99 கி.மீ., சாலையில் சுமார் 115. விகிதம் 1.16. வைகையை ஒட்டிய சமவெளி, மலை கிடையாது. எங்கள் மாவட்டத்தில் சாலையை வளைப்பது பெரும்பாலும் கண்மாய்தான். சென்னைக்கு 1.3. கொழும்புக்கு 2.06. உங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரத்தில் இருந்தால் உங்கள் மாணவர்கள் இதைவிடப் பெரிய எண்களைக் கொண்டு வருவார்கள். அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

இந்த விகிதம் நிலையான எண்ணும் அல்ல. எங்கள் கரையின் வரலாற்றையே இதை வைத்து நடத்திவிடலாம்.

அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை எழும்பூரில் ரயில் ஏறுகிறவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு சேரலாம். ‘போட் மெயில்’ என்ற பெயர் இன்னும் நம் வீடுகளில் வழங்குவது அதனால்தான். அப்போது இங்கிருந்து கொழும்புக்கான சுற்று விகிதம் இன்றைய 2.06க்கு வெகு கீழே இருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாளில் சீர்செய்தார்கள். ஊர் திரும்பவில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி 1980களின் தொடக்கம் வரை ஓடியது. பிறகு போர் வந்து அதுவும் நின்றது. போரில் சிதைந்த தலைமன்னார் ரயில் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. 2025 ஏப்ரல் 6 முதல் இந்தப் பக்கம் புதிய பாம்பன் பாலம். இரு பக்கமும் தண்டவாளம் தயார், நடுவில்தான் கப்பல் இல்லை. வடக்கே நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் தொடங்கப்பட்டது. அது சுமார் 110 கி.மீ. கடல்.

அந்த 30 கி.மீ. நூறாண்டுகளாக அப்படியேதான் இருக்கிறது. அதை நீந்தியே கடந்தவர்களும் உண்டு. 1966இல் மிகிர் சென் 25 மணி நேரத்துக்கும் மேல் நீந்தினார். 1994இல் பன்னிரண்டு வயது குற்றாலீஸ்வரன் கடந்தார். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருப்பதால் நீந்துகிறவர் கடப்பதும் நேர்கோடு அல்ல. கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு முறை, “அந்தத் திட்டுக்கு எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன். “எந்தக் காத்துல டீச்சர்? வாடையிலயா, கச்சான்லயா?” என்று திருப்பிக் கேட்டான் ஒருவன். தூரத்தை நேரத்தால் அளக்கிற வீடு அது. அவன் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் வேகம், தூரம், காலம் பாடத்தைத் தொடங்கினேன்.

கடல் மைலையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். அட்சரேகையின் ஒரு பாகையை 60 கலையாகப் பிரித்தால் ஒரு கலை ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. நாம் கண்டுபிடித்த 2.47 பாகையை 60ஆல் பெருக்கினால் கொழும்பு 148 கடல் மைல். ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கும் மீனவர் வீடுகளில் இந்த எண்தான் புழங்கும்.

கப்பலும் நினைத்த வழியில் போவதில்லை. இராமர் பாலம் எனப்படும் மணல்திட்டுகளின் வரிசையில் பல இடங்களில் கடல் ஆள் உயரம்கூட ஆழமில்லை. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய சரக்குக் கப்பல் இலங்கை முழுவதையும் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. 2005 ஜூலை 2 அன்று தொடங்கப்பட்ட சேது சமுத்திரத் திட்டத்தால் அதிகபட்சம் 424 கடல் மைலும் 30 மணி நேரமும் மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னார்கள். பணி பாதியில் நின்றது. அதன் நன்மை தீமைகளை மேல்வகுப்பு விவாதத்துக்கு விட்டுவிடலாம். இங்கே நமக்கு வேண்டியது, நீர் இருக்கும் இடமெல்லாம் கப்பல் வழி அல்ல என்பது.

ராக்கெட்டுக்கும் இதே கதைதான் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் ராக்கெட் நேராகத் தெற்கே போனால் இலங்கைக்கு மேலே பறக்க வேண்டிவரும். கழன்று விழும் பாகங்கள் ஊர்மேல் விழக் கூடாதே! அதனால் முதலில் தென்கிழக்கே சென்று, பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது, செலவாகும் அளவுக்குச் செயற்கைக்கோளின் எடை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதற்கு முக்கியக் காரணம், அங்கிருந்து தெற்கே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுதான். அப்துல் கலாமின் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த எடுத்துக்காட்டு வேறெதைவிடவும் வேகமாகப் போய்ச் சேர்கிறது.

தொலைவு அதிகமானால் நம் சதுரக் கட்டக் கணக்கு உடைந்துவிடும். டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேர்வழி எது என்று சுவர் வரைபடத்தில் காட்டச் சொன்னால் ஐரோப்பா வழியே ஒரு கோடோ, ஜப்பான் வழியே ஒரு கோடோ போடுவார்கள். உலக உருண்டையை எடுத்து ஒரு நூலை இரு ஊர்களுக்கும் இடையே இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் ரஷ்யாவைக் கடந்து வடதுருவத்தின் அருகே போகும். அதுதான் மிகக் குறைந்த தொலைவு, சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா விமானம் முன்பு அட்லாண்டிக் வழியே ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்து போனது. 2016இல் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள், அது 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ இரண்டு மணி அளவுக்குக் குறைந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்தது. “எந்தக் காத்துல டீச்சர்?” என்று கேட்டவனுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

மேல்வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு சொல். கடக்க முடியாத இடத்தின் தொலைவை எப்படி அளந்தார்கள் என்ற கேள்வி பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு நல்ல வாசல். 1802இல் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலியால் சுமார் 12 கி.மீ. அடிக்கோடு ஒன்றை அளந்தார். அங்கே தொடங்கிய முக்கோணங்கள்தான் நாடு முழுக்க விரிந்தன. அடிக்கோடு ஏன் அவ்வளவு நீளம்? மண்டபம் கரையில் 100 மீட்டர் அடிக்கோடு போட்டு, ஒரு முனையில் எதிர்க்கரைக் குறி செங்கோணத்திலும் மறுமுனையில் 87 பாகையிலும் தெரிந்தால், தொலைவு 100 × டேன் 87, அதாவது 1,908 மீட்டர். கோணத்தில் ஒரு பாகை கூடிவிட்டால் 2,864 மீட்டர் ஆகிவிடும்! ஒரு பாகைப் பிழையில் ஒரு கிலோமீட்டர் போய்விடுகிறது. அடிக்கோட்டை 1 கி.மீ. ஆக்கினால் அதே பிழைக்குச் சுமார் 84 மீட்டர்தான் மாறும். இதைப் பாகைமானியும் உறிஞ்சுகுழலும் வைத்து, விளையாட்டு மைதானத்தின் எதிர்முனை மரத்துக்குச் செய்துபார்க்கலாம். மரம்வரை நடந்து அளந்து சரிபார்க்கவும் முடியும்.

இன்னொன்று: இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கி.மீ. என்று நாமெல்லாம் படித்தோம், கற்பித்தோம். இப்போது மத்திய அரசு தரும் எண் 11,098 கி.மீ. நிலம் வளரவில்லை. முன்பைவிட நுணுக்கமான வரைபடத்தில், சிறு வளைவுகளையும் கழிகளையும் சேர்த்து அளந்தார்கள். ஒரே வரைபடத்தை ஒரு குழு தடித்த கயிற்றாலும் இன்னொரு குழு தையல் நூலாலும் அளந்தால் இரண்டு விடை வரும், இரண்டுமே சரி.

இவ்வளவையும் நான் நடத்துவது ஏழாம் வகுப்பில் செய்யும் ஒரு சிறு வேலைக்காக. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் காலடிகளை எண்ணி வர வேண்டும். பத்து அடி நடந்து அளந்து, ஒரு காலடி எத்தனை சென்டிமீட்டர் என்று முதலிலேயே குறித்துக்கொள்வோம். நடந்த தூரம் அதில் கிடைக்கும். நேர்கோட்டைத் திறன்பேசி வரைபடத்தில் எடுப்போம். பிறகு அவரவர் சுற்று விகிதம்.

பெரும்பாலும் 1.2, 1.4 என்று வரும். ஒரு ஆண்டு ஒரு மாணவிக்கு 2.9 வந்தது. காலடியைத் தவறாக எண்ணியிருப்பாள் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் இரண்டு பேர் அவளோடு போய் எண்ணி வந்தார்கள். 2.9தான். நேர்கோட்டில் 900 மீட்டர்கூட இல்லை. நடுவே உப்பங்கழி, அதை அடுத்துச் சீமைக் கருவேலங்காடு. தார்ச்சாலைக்கு ஏறி, சுற்றி, இரண்டரை கிலோமீட்டர். ஐப்பசி கார்த்திகையில் கழி நிறைந்தால் அதற்கும் மேல். அவளோடு அதே குடியிருப்பிலிருந்து ஒன்றாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி 2010இல் மத்திய அரசு வகுத்த விதிகள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1 கி.மீ., ஆறு முதல் எட்டு வரை 3 கி.மீ. என்று சொல்கின்றன. அங்கே இருக்கும் சொல் ‘நடந்து செல்லும் தூரம்’. வெள்ளம், பாதை இல்லாமை, வழியில் ஆபத்து உள்ள இடங்களில் இந்த வரம்பை இன்னும் குறைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கணினியில் ஊரைப் புள்ளியாகக் குறித்துச் சுற்றிலும் வட்டம் போட்டால் இந்தக் குடியிருப்பு வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பள்ளி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்கான போக்குவரத்து, வழிக்காவலர் வசதிக்குப் பட்டியல் எடுக்கும்போது ‘900 மீட்டர்’ என்று எழுதினால் அவர்கள் பெயர் வராது. நடந்த தூரம் எழுதினால் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள இருவரும் வருவார்கள். ஏழாம் வகுப்புக்காரி வரமாட்டாள். அவளுக்கு வரம்பு 3 கி.மீ.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த மூன்று பிள்ளைகளின் காலடிக் கணக்கையும், அவர்கள் கையால் வரைந்த வழிப்படத்தையும் வைத்தோம். கழி எங்கே தொடங்குகிறது, மழையில் எதுவரை ஏறும், நாய்கள் எந்தத் திருப்பத்தில் நிற்கும் என்றெல்லாம் அதில் குறித்திருந்தார்கள். தீர்மானத்தில் இரண்டு எண்களையும் எழுதினோம்: நேர்கோட்டில் 0.9 கி.மீ., நடை வழியில் 2.6 கி.மீ. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் 2.6 என்று நிரப்பி, வழிப்படத்தைப் பின்னால் இணைத்து அனுப்பினோம். ஏழாம் வகுப்புக்காரியின் பெயரையும், மழைக்காலத்துக்கு மட்டும் என்று குறிப்பு எழுதி, மூன்றாவதாகச் சேர்த்திருக்கிறோம்.